மருத்துவர் நம்பி அனுப்பும் பயிற்சியாளர்: சிங்கப்பூரில் மருத்துவ உடற்பயிற்சித் தொழில் எதில் நிற்கிறது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தது, பிசியோதெரபியும் முடிந்தது. கடைசி நாளன்று, "நல்லாத் தேறிட்டீங்க, இனிமே வீட்டுலயே தொடர்ந்து செய்யுங்க, முடிஞ்சா ஜிம்முக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் அந்தப் பேச்சை நம்பி ஜிம்முக்குப் போகிறார். நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, காலில் செயற்கை மூட்டு. மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் அங்குள்ள பயிற்சியாளர் தயங்குகிறார். பயந்தவர் இரண்டு கிலோ எடையோடு நிறுத்திக்கொள்வார். பயப்படாதவர் இருபத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுக்கும் அட்டவணையையே கொடுப்பார். இரண்டாலும் அந்த அம்மாவுக்குப் பலன் இல்லை. ஒரு மாதத்தில் போவதை நிறுத்திவிடுவார். கால் தசை மெலியும். அடுத்த முறை குளியலறையில் வழுக்கும்போது பிடித்து நிற்க வலு இருக்காது.

மருத்துவமனையின் கதவுக்கும் ஜிம்மின் கதவுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் மருத்துவ உடற்பயிற்சி நிபுணரின் வேலை இருக்கிறது. நோய் நிலைப்பட்டுவிட்டது, சிகிச்சை முடிந்துவிட்டது அல்லது தொடர்கிறது, ஆனால் உடலுக்கு வலு வேண்டும். அந்த வலுவை நோயறிந்து, மருந்தறிந்து, பாதுகாப்பாக ஏற்றிக் கொடுப்பவர் அவர். ஆஸ்திரேலியாவில் இது முறையாக அங்கீகரிக்கப்பட்ட தொழில். குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நாள்பட்ட நோயாளிகளுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்புறுதியே சில சந்திப்புகளுக்குப் பணம் திருப்பித் தருகிறது; 2006 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு வழங்கும் மருத்துவ உடற்பயிற்சிச் சான்றிதழுக்குப் பட்டப்படிப்பு வேண்டும், மருத்துவச் சூழலில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை பார்த்திருக்கவும் வேண்டும்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2011-இல் வந்த இணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் போன்றவர்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பெயர்களைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது. உடற்பயிற்சித் துறையினருக்கு அப்படிச் சட்டம் காக்கும் பெயர் ஏதும் இல்லை. பொது மருத்துவமனைகளில் உடற்பயிற்சி உடலியல் படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். வெளியே தனியாகத் தொழில் நடத்துபவரோ பெயரால் மட்டும் யாரையும் நம்பவைக்க முடியாது. இந்தத் தொழிலில் நின்றவர்களையும் நிற்காதவர்களையும் பார்த்த வரையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. விளம்பரத்தாலோ சமூக ஊடகத்தாலோ இது வளர்வதில்லை. தன் எல்லை எது என்று தெரிந்தவரை மருத்துவர் நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் முதல்.

ஆதாரம் புதிதல்ல, ஏற்பாடுதான் புதிது

உடற்பயிற்சிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1953-இல் ஜெரமி மோரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரை எடுத்துக்கொண்டது. வாரம் 150 நிமிட நடைப்பயிற்சியும் எடைக் குறைப்பும் மேற்கொண்ட குழுவில் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 விழுக்காடு.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு. 2006-இல் வெளிவந்த அதில் 531 இந்தியர்கள் இருந்தார்கள். வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அமெரிக்க எண்ணைவிட நம் எண் சிறியது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. "உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை ஓடிவிடும்" என்று வாடிக்கையாளரிடம் அளப்பவர்கள் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். பலன் உண்டு, நிச்சயம் உண்டு. ஆனால் அதற்கு அளவும் உண்டு.

2025-இல் பெருங்குடல் புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று ஆண்டுகள் வழிகாட்டலுடன் உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 80.3 விழுக்காடு, உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும் பெற்ற குழுவில் 73.9 விழுக்காடு. இங்கே கவனிக்க வேண்டியது, கையேடு வாங்கியவர்களுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது என்பது. வித்தியாசம், கூடவே ஒருவர் இருந்து மாதக்கணக்கில் செய்யவைத்ததில் இருக்கிறது. நாம் கட்டணம் வாங்குவது அதற்குத்தான்.

சிங்கப்பூருக்கு வருவோம். 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 17.2 விழுக்காடு. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம் தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டு, அவரோடு சேர்ந்து ஒரு சுகாதாரத் திட்டம் வகுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திட்டத்தில் மாத்திரையோடு உணவும் நடமாட்டமும் எழுதப்படுகின்றன.

ஆக, மருத்துவர் இப்போது "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று எழுதுகிறார். எங்கே, யாரிடம், எப்படி என்பதற்குப் பெரும்பாலோருக்கு நல்ல பதில் இருக்கிறது: சுகாதார மேம்பாட்டு வாரியமும் அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் எஸ்ஜியும் நடத்தும் வகுப்புகள், சமூக மன்றங்கள், துடிப்பாக மூப்படையும் நிலையங்கள். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் இவற்றோடு போட்டி போட நினைப்பது தவறு. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும், விழுந்த வரலாறு இல்லாத ஒருவர் என்னிடம் வந்தால், அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக் கீழே நடக்கும் வகுப்பின் நேரத்தைச் சொல்லி அனுப்புவதுதான் சரி. நமக்கு உரியவர், அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் நின்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாதியில் உட்கார்ந்துவிடுபவர்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு சந்திப்பை வைத்துச் சொல்கிறேன். இதில் வரும் ஆன்ட்டி ஒரு தனிநபர் அல்லர். ஈசூனிலும் உட்லண்ட்சிலும் செங்காங்கிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். வயது 63. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடு, ரத்த அழுத்தத்துக்கு பிசோப்ரோலால், வலது முழங்காலில் தேய்மானம். மகள் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் பணிப்பெண் இருக்கிறார்.

"ஆன்ட்டி, காலையில சாப்பிட்டீங்களா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்ல, விரதம். காப்பி மட்டும்தான்."

"மாத்திரை?"

"அதை விட முடியுமா? போட்டாச்சு."

இந்த நான்கு வரியில் அன்றைய பயிற்சியே மாறிவிடுகிறது. கிளிக்லசைடு, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. அதன்மேல் உடற்பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஆன்ட்டி தன் கருவியில் விரலைக் குத்திப் பார்க்கிறார்: 4.6. இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவருக்கு லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் (தமிழ்நாட்டுக் கணக்கில் 90 மில்லிகிராம்) ஏதாவது சாப்பிடாமல் தொடங்கக் கூடாது. 4-க்குக் கீழே இருந்தால் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆன்ட்டியின் விரதத்தில் பாலும் பழமும் ஆகும். ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் ஆகட்டும் என்று காத்திருக்கிறோம். அந்த நேரம் வீணல்ல. பாதங்களைக் காட்டச் சொல்லிப் புண், கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கத்தில், உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஏற்பட்ட காயம் பல நாள் தெரியாமலே இருக்கும். சர்க்கரை ஏறிய பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. சுவரில் கட்டிய நெகிழிப் பட்டையை இழுத்தல். படிக்கட்டின் முதல் படியில் ஏறி இறங்குதல். எவ்வளவு கடினம் என்பதை நாடித் துடிப்பை வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் பிசோப்ரோலால் துடிப்பை உயரவிடாது. "பேச முடியுதா, பாட முடியுதா?" என்று கேட்டுத்தான் அளக்கிறோம். பேச முடிந்து பாட முடியாவிட்டால் அது மிதமான அளவு.

இப்போது முக்கியமான இடம். ஆன்ட்டி கேட்கிறார்: "அப்ப வெள்ளிக்கிழமை அந்த மாத்திரையை விட்டுடவா?"

பதில் தெரிந்ததுபோல் இருக்கும். நாக்கு நுனி வரை வரும். சொல்லக் கூடாது. மருந்தைப் பற்றிச் சொல்வது நம் வேலை இல்லை. "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி, நானும் அவருக்கு எழுதுறேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். அன்று மாலையே அது கடிதமாக வேண்டும். நோயைக் கண்டறியவும், மருந்தைக் கூட்டிக் குறைக்கவும், வலிக்குக் காரணம் சொல்லவும், எலும்பைத் தட்டி நிமிர்த்தவும் நமக்கு உரிமை இல்லை. இந்தியாவில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கு வந்து, பதிவு கிடைக்காமல் பயிற்சியாளராக இருப்பவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கடினம், ஏனென்றால் கை தானாகவே பழைய வேலைக்குப் போகும். அறிவு இருந்தாலும் பதிவு இல்லாதவரை அந்த வேலை அவருடையதல்ல.

அந்த ஒரு பக்கக் கடிதம்

குடும்ப மருத்துவர்களிடம் போய் அறிமுகக் கையேடு கொடுத்தால் வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று பலர் தொடங்குகிறார்கள். கையேடு வரவேற்பு மேசையைத் தாண்டுவதில்லை. மருத்துவரின் மேசைக்குப் போவது, அவருடைய நோயாளியின் பெயர் போட்ட கடிதம்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அவர் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் படிப்பார். முதல் வரியில், யார், எதற்காக வந்தார், எத்தனை வாரமாக வருகிறார். அடுத்து எண்கள்: 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார், தொடங்கியபோது எத்தனை, இப்போது எத்தனை; கைப்பிடி வலு எத்தனை கிலோ; ஆறு மீட்டர் நடக்க எத்தனை விநாடி. தசை மெலிவைப் பற்றிய ஆசியப் பணிக்குழு 2019-இல் வகுத்த அளவுகள் இதற்குப் பெரிதும் உதவும். கைப்பிடி வலு பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே இருந்தாலும், நடை வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தாலும், ஐந்து முறை உட்கார்ந்து எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் கவனிக்க வேண்டும். மருத்துவருக்கு அந்த எண்கள் புரியும். "நல்ல முன்னேற்றம்" என்ற சொல் அவருக்கு ஒன்றும் சொல்லாது.

பிறகு, பார்த்தது: "விரத நாள்களில் உணவின்றிக் கிளிக்லசைடு எடுக்கிறார், 4.6 இருந்தது, உங்களிடம் பேசும்படி சொல்லியிருக்கிறேன்." கடைசியாக ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. "எடைப் பயிற்சியைக் கூட்டலாமா, கண் பரிசோதனையில் விழித்திரைப் பாதிப்பு ஏதும் உண்டா?" என்பதுபோல. மூச்சைப் பிடித்துக் கனமான எடை தூக்கினால் விழித்திரை பாதித்தவருக்கு ஆபத்து என்பது தெரிந்த ஒருவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார். அது மருத்துவருக்கும் புரியும்.

இப்படி ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு மூன்று கடிதம் போன பிறகுதான் அவர் தாமாக இன்னொருவரை அனுப்புவார். அதற்குமுன் அவரிடம் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது. கமிஷன் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. நோயாளியை அனுப்புவதற்கு மருத்துவர் பணம் வாங்குவதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் நெறிமுறை ஏற்பதில்லை. அப்படி ஒரு பேச்சைக் கேட்ட நல்ல மருத்துவர் அதன்பிறகு உங்கள் கடிதத்தையும் படிக்க மாட்டார். கடிதம் அனுப்ப வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், 2012-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். பணம் கட்டுவது மகள் என்பதற்காக அம்மாவின் சர்க்கரை அளவை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட முடியாது. அம்மாவைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் சரி என்பார்கள். சிலர், "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்பார்கள். அதை மதித்தால்தான் அடுத்த வாரமும் உண்மையைச் சொல்வார்கள்.

தமிழ் இங்கேதான் தொழில் பலமாகிறது. மூத்தவர்கள் மருந்தகத்தில் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். தலை சுற்றுவதையும் கால் மரத்துப்போவதையும் நெஞ்சு படபடப்பதையும் தமிழில் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். "கிறுகிறுப்பு" என்பவர் வேறு, "கண்ணைக் கட்டுது" என்பவர் வேறு. அதைச் சரியாகக் கேட்டு, மருத்துவருக்குப் புரியும் வகையில் எழுதித் தருபவர் அவருக்கு வேலையைக் குறைத்துத் தருகிறார். வாடிக்கையாளரின் இலக்கும் அப்படித்தான் வெளியே வரும். "எடை குறைக்கணும்" என்பது முதல் நாள் பேச்சு. நான்காம் வாரம், "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும்னு ஒரு வேண்டுதல்" என்பார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு. இது தெளிவான இலக்கு: கழுத்துக்கும் தோளுக்கும் வலு, நடைத் தாங்குதிறன், பாத உணர்ச்சியை மருத்துவர் முன்கூட்டியே சோதித்துச் சொல்வது. ஆறு மாதத் திட்டம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பாத உணர்ச்சி போய்விட்டது என்று தெரிந்தால் வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றக் குடும்பத்தோடு பேச வேண்டியிருக்கும். அதையும் மரியாதையோடு பேசத் தெரிய வேண்டும்.

பணக் கணக்கு

பதிவு செய்வது எளிது. தனிநபர் வணிகத்துக்கு, வணிகப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான அக்ராவில் பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. தனியார் நிறுவனமாக என்றால் 315 வெள்ளி. கடன், வழக்கு என்று வந்தால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு கூடுதல், கணக்கு வேலையும் கூடுதல். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கட்ட வேண்டும். பொருள் சேவை வரிப் பதிவு ஆண்டு வரவு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயம். தனியாள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. முதலுதவி, இதய இயக்க மீட்புச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்கு முதல் முறை போகும்போதே, அந்தப் புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ இதய மின்னதிர்ச்சிக் கருவி எந்த மின்தூக்கி அருகில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) வட்டாரங்களில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என வைத்திருக்கிறார்கள்.

வேலை அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். வேலை அனுமதியில் இருப்பவர் அந்த முதலாளியின் வேலையைத் தவிர வேறு செய்ய முடியாது; மாலை நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர் என்பதும் அதில் அடங்கும். சார்ந்திருப்போர் அனுமதியில் வந்த மனைவியோ கணவரோ வேலை செய்ய, 2021 மே 1 முதல் தனி வேலை அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்துவோருக்கு வேறு நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. மனிதவள அமைச்சில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இடம் அடுத்த தலைவலி. ஆக்டிவ்எஸ்ஜி என்னும் பொது ஜிம்மில் அனுமதியின்றி வெளியாள் காசு வாங்கிப் பயிற்சி கொடுக்க முடியாது. பூங்காவில் வணிக வகுப்பு நடத்தத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், புளோக்குக் கீழே நடத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடியில் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். அதனால் பலரும் வீடு தேடிப் போவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதுவே நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்குப் போனால்தான் குளியலறை மேடையின் உயரமும், வழுக்கும் கால்மிதியும், கட்டிலிலிருந்து எழும் விதமும் தெரியும். பணிப்பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். நாம் வாரம் ஒரு மணி நேரம், அவர் வாரம் முழுதும்.

ஆனால் பயண நேரம் வருமானத்தைத் தின்னும். கணக்குக்காக ஓர் எண் வைத்துப் பார்ப்போம். ஒரு சந்திப்புக்கு 90 வெள்ளி, ஒரு நாளில் நான்கு வீடு, வாரம் ஐந்து நாள். வாரம் 1,800 வெள்ளி. ஆண்டில் 46 வாரம் என்றால் 82,800. பத்தில் ஒரு சந்திப்பு ரத்தாகும் என்று கழித்தால் 74,520. முதியவர்களுக்கு மருத்துவமனைச் சந்திப்பு, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று ரத்துகள் அதற்கு மேலும் வரலாம். இதிலிருந்து பயணம், காப்புறுதி, படிப்புச் செலவு, மெடிசேவ். காலை ஈசூன், மதியம் பிடோக், மாலை ஜூரோங் என்று ஓடினால் ஒரு நாளில் நான்கு வீடே கிடைக்காது. ஆகவே ஒரே வட்டாரத்தில் தொடங்குவது நல்லது. இரண்டு மூன்று எம்ஆர்டி நிலையத்துக்குள், அங்குள்ள இரண்டு மூன்று குடும்ப மருத்துவர்களோடு. அந்த வட்டாரம் நிறைந்த பிறகு அடுத்தது.

சிறு குழுதான் இந்தக் கணக்கை மாற்றும். வீட்டில் மூன்று மாதம் பயிற்சி பெற்று நிலைப்பட்டவர்கள் நான்கு பேரைச் சேர்த்து, ஆளுக்கு 35 வெள்ளி என்றால் மணிக்கு 140. அவர்களுக்கும் செலவு பாதிக்குக் கீழே இறங்குகிறது. நான்குக்கு மேல் போனால் ஒருவர் முகம் வெளிறுவது கண்ணில் படாமல் போகும்; எட்டுப் பேரை நிறுத்தி எடுக்கும் வகுப்பைச் சமூக மன்றம் நம்மைவிட மலிவாகவும் நன்றாகவும் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வாரம் இரு முறை, அரை மணி நேரம், கனமான எடைப் பயிற்சி எட்டு மாதம் பாதுகாப்பாகக் கொடுக்க முடிந்தது, எலும்பும் வலுப்பட்டது. அங்கேயும் குழு சிறியது, நேரடி மேற்பார்வை முழுமையாக இருந்தது.

முன்பணத் தொகுப்புகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: எட்டுச் சந்திப்புக்கு மேல் விற்கக் கூடாது. 2016-இல் இங்கே பெரிய ஜிம் நிறுவனம் ஒன்று மூடப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் முன்பணம் கட்டியவர்கள் நின்ற நிலை பலருக்கு நினைவிருக்கும். நோயாளியின் நிலை எந்த மாதமும் மாறலாம். மருத்துவமனையில் சேர்ந்தவரிடம் ஐம்பது சந்திப்புக்கான பணத்தை வைத்துக்கொண்டிருப்பது தொழிலுக்கு அழகல்ல. பணத்தைத் திருப்பித் தரும் விதியை முதல் நாளே தமிழிலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

முடித்து அனுப்புவது

விளம்பரத்தில் "நீரிழிவைக் குணப்படுத்துகிறோம்", "முதுகுவலிக்குச் சிகிச்சை" என்று எழுதக் கூடாது. சிகிச்சை தருவதாகச் சொல்வது சுகாதாரச் சேவைச் சட்டத்தின் எல்லைக்குள் போய் மாட்டிக்கொள்ளும் வழி, அதைவிட முக்கியமாக அது உண்மையும் அல்ல. "நீரிழிவு உள்ளவர்களுக்கான வலுப் பயிற்சி" என்று எழுதினால் போதும். வர வேண்டியவருக்குப் புரியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லா நோய்க்கும் சான்றிதழ் தேடி ஓடுகிறார்கள். புற்றுநோய், பக்கவாதம், பார்க்கின்சன், கர்ப்ப காலம் என்று சுவர் நிறையும், ஆழம் வராது. சிங்கப்பூர்த் தமிழர்களிடையே வேலை செய்பவருக்கு நீரிழிவும் முழங்கால் தேய்மானமும் இரண்டு மூன்று ஆண்டுக்குப் போதும் போதும் என்னும் அளவுக்கு வேலை தரும். சாங்கி பொது மருத்துவமனையில் இயங்கும் 'எக்சர்சைஸ் இஸ் மெடிசின் சிங்கப்பூர்' பயிற்சித் துறையினருக்கு நடத்தும் படிப்பு நல்ல தொடக்கம். ஸ்போர்ட் எஸ்ஜியின் உடற்பயிற்சித் துறையினர் பதிவேட்டில் பெயர் இருப்பதும் உதவும். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் பரவிவருவதால், எடையோடு தசையும் போகும் வாடிக்கையாளர்கள் இனி அதிகம் வருவார்கள். அவர்களுக்கு எடைப் பயிற்சியும் புரதமும் எவ்வளவு அவசியம் என்பதை மருத்துவர்களோடு பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, வணிகப் பாடம் படித்தவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஒன்று. வாடிக்கையாளர் தானே செய்யும் நிலைக்கு வந்ததும் அனுப்பிவிட வேண்டும். 2022-இல் வெளியான சிங்கப்பூர் உடல் நடமாட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான நடமாட்டமும், குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சியும் சொல்கிறது. மூத்தோருக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து. அதை ஒருவர் தானாகச் செய்கிறார், எண்கள் மூன்று மாதம் நிலையாக இருக்கின்றன என்றால் நம் வேலை முடிந்தது. மருத்துவருக்கு முடிவுக் கடிதம் எழுதி, புளோக்குக் கீழ் வகுப்பில் கூடவே போய் அறிமுகப்படுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறு அளவீட்டுக்கு மட்டும் வரச் சொல்ல வேண்டும். அந்த அளவீட்டுக்கு அரை மணி நேரம் போதும், கட்டணமும் பாதி. கைப்பிடி வலுவோ நடை வேகமோ குறைந்திருந்தால் நான்கு வாரம் மறுபடி சேர்ந்து செய்யலாம். வருமானம் விட்டுப்போகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த முடிவுக் கடிதத்தைப் படித்த மருத்துவர் அடுத்து அனுப்பும் நோயாளியும், மறு அளவீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரும் ஆன்ட்டியும் அந்த இடத்தை நிரப்புகிறார்கள்.